திருப்பணி நிதிக்காக ஈயக்குட்டையில் பீக்காக் பாஸ் விடாதீங்க



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. படிச்சிட்டு திட்டணும்னா தாராளமா திட்டுங்க. படிக்காம மட்டும் திட்டாதீங்க.

விஷயம் இதுதான். திருப்பணி நிதிக்கு மீன்பிடிப் போட்டி நடத்தலாம்னு நம்ம இளைஞர் பிரிவு வாட்ஸ்அப் குழுவில ஒரு யோசனை ஓடிக்கிட்டு இருக்கு. கோயிலுக்குப் பின்னால இருக்கிற பழைய ஈயக்குட்டையில இப்பவே பீக்காக் பாஸ் குஞ்சுகளை விடணுமாம். அது வளர்ந்ததும் ஆளுக்கு இவ்வளவு ரிங்கிட்னு டிக்கெட் போட்டு தூண்டில் போட விடணுமாம். வர்ற ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில இதைப் பேசப் போறாங்க. குழுவில நிறைய பேர் "சூப்பர் ஐடியா"ன்னு போட்டாச்சு.

நான் வேண்டாம்னு சொல்றேன். நம்ம பசங்க கெட்டவங்க இல்ல. தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல் போடறதும், அன்னதானத்துக்குப் பாத்திரம் தேய்க்கிறதும் அவங்கதான். கோபுர வேலை பாதியில நிக்குதேங்கிற ஆதங்கத்திலதான் இதைச் சொல்றாங்க. ஆனா நல்ல மனசு மட்டும் போதாது. எந்த மீனை எந்தத் தண்ணியில விடறோம்னு தெரிஞ்சிருக்கணும்.

பீக்காக் பாஸ் தென் அமெரிக்கா மீன். அமேசான், ஒரினோகோ ஆத்துப் பக்கம் அதுக்குச் சொந்த இடம். வால்ல மயில் கண் மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதனால அந்தப் பேர். மயில்னு பேர் இருக்கிறதால அது முருகன் வாகனம் ஆயிடாது. அதுக்குச் சாப்பாடு மத்த மீன்தான். ஒரு ஜோடி ஆயிரக்கணக்கில முட்டை போடும். போட்டுட்டுப் போயிடாது, ஆணும் பொண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும். அதனால அதுங்க குஞ்சு நிறைய பிழைக்கும், பக்கத்தில வர்ற மத்த மீன் பிழைக்காது. தூண்டில்ல மாட்டினா நல்லா மல்லுக்கட்டும். தூண்டில்காரங்களுக்கு அதுமேல மோகம் வந்தது அதனாலதான். பேராக், சிலாங்கூர் பக்கம் ஈயக்குட்டைகள்ல இன்னைக்கு இது இருக்குன்னா, தானா நீந்தி வந்து சேரல. மனுஷன் கொண்டுவந்து விட்டதுதான்.

நம்ம குட்டையில இப்ப என்ன இருக்கு? புயு, செப்பாட், கெலி, ஹருவான். ஊருல ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கும் பிள்ளை பெத்தவங்களுக்கும் ஹருவான் தேடி அலைவோமே, அந்த ஹருவான். சாயங்காலம் ஆனா ரெண்டு மூணு பெரியவங்க மூங்கில் குச்சியும் புழுவுமா உக்காந்து நாலு புயு பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போறாங்க. அவங்க யாரும் நம்ம வாட்ஸ்அப் குழுவில இல்ல. அவங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?

"ஒரு மீன் வந்து என்ன பண்ணிடப் போகுது?"ன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு ஊர்க் கதை சொல்றேன்.

ஒண்ணு, பனாமா நாட்டுல காத்தூன் ஏரி. 1960-களோட கடைசியில இதே பீக்காக் பாஸ் ஒரு பண்ணைக் குளத்திலிருந்து தப்பி அந்த ஏரிக்குப் போயிடுச்சு. சில வருஷத்திலயே அங்க சாதாரணமா கிடைச்ச சின்ன மீன் வகைகள்ல பெரும்பாலானது காணாமப் போச்சு. அந்த மீனை நம்பி இருந்த பறவைகளும் குறைஞ்சது. கொசுப் புழுவைத் தின்ன சின்ன மீன்கள் போனதால கொசு விஷயத்திலயும் கவலை வந்தது. 1973-ல சயன்ஸ் இதழ்ல இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கு. டெங்கி கொசு வளர்றது பூந்தொட்டித் தண்ணியில, குட்டையில இல்லதான். ஆனா உலகத்தில டெங்கி கொசு மட்டும்தானா இருக்கு?

ரெண்டாவது, ஆப்பிரிக்காவில விக்டோரியா ஏரி. 1950-கள்ல நைல் பெர்ச்ங்கிற பெரிய மீனை விட்டாங்க. பெரிய மீன், நல்ல வருமானம்னு சொல்லித்தான் விட்டாங்க. வருமானமும் வந்தது, ஏற்றுமதியும் நடந்தது. ஆனா உலகத்தில வேற எங்கயும் இல்லாத சின்ன மீன் வகைகள்ல ஏறக்குறைய 200 வகை அந்த ஏரியிலிருந்து மறைஞ்சு போனதா சொல்றாங்க. அந்தப் பணத்தைக் கொட்டி ஒரே ஒரு வகையைத் திருப்பி வாங்க முடியுமா?

அவ்வளவு தூரம் எதுக்கு, கிள்ளான் ஆத்தைப் பாருங்க. மீன் தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு நம்ம வீடுகள்ல வளர்த்தோமே, "இக்கான் பண்டாராயா", அது பெருசானதும் ஆளாளுக்கு ஆத்துல கொண்டு போய்ப் போட்டாங்க. "பாவம், உயிராச்சே"ன்னுதான் போட்டாங்க. உடம்பு முழுக்கக் கவசம் மாதிரி தோல், தின்ன ஆள் இல்ல. கரையில பொந்து தோண்டி முட்டை போடும், கரை சரியும். இன்னைக்கு சிலாங்கூர்ல தன்னார்வலர்கள் வலையோட ஆத்துல இறங்கி அதை வாரி வெளியே போட்டுக்கிட்டு இருக்காங்க. ஒருத்தர் பாவம் பார்த்து விட்டதுக்கு இன்னொருத்தர் முதுகு ஒடியுது.

இப்ப குழுவில வந்த பதில்களுக்கு வர்றேன்.

"குட்டை மூடின இடம், ஆத்துக்குப் போகாது"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். 2021 டிசம்பர் வெள்ளம் மறந்து போச்சா? ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில ஜனங்க கூரை மேல ஏறி நின்னாங்க. அந்த மாதிரி மழையில குட்டை எது, கால்வாய் எது, ஆறு எதுன்னு மீனுக்குத் தெரியுமா? வெள்ளமே வராட்டாலும், நம்ம குட்டையில நல்லா கடிக்குதுன்னு தெரிஞ்சா நாலு பேர் வாளியில குஞ்சை அள்ளிக்கிட்டு அவங்கவங்க ஊர்க் குட்டைக்குப் போவாங்க. இது நாடு முழுக்கப் பரவினதே அப்படித்தான்.

"ஏற்கனவே திலாப்பியா இருக்கு, குட்டை கெட்டுத்தான் போச்சு"ன்னு இன்னொருத்தர். வீட்டுக்குள்ள ஒரு திருடன் புகுந்துட்டான்னா, கதவைத் திறந்து வச்சு இன்னொருத்தனைக் கூப்பிடுவீங்களா?

"பிரச்சினை வந்தா அப்புறம் பிடிச்சிடலாம்"ன்னு சொல்றாங்க. ஈயக்குட்டை எவ்வளவு ஆழம்னு உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியும். அதை இறைச்சுக் காய வைக்க முடியாது. தூண்டில்ல மாட்டறது நாலு, அடியில இருக்கிறது நானூறு. விடறதுக்கு ஒரு காலை நேரம் போதும். எடுக்கறதுக்கு நம்ம ஆயுசு போதாது.

"அரசாங்கமே ஆத்துல மீன் குஞ்சு விடுதே"ன்னும் கேட்டாங்க. மீன்வளத்துறை விடறது உண்மைதான். லம்பாம் விடறாங்க, உடாங் காலா விடறாங்க. அதெல்லாம் இந்த நாட்டுத் தண்ணியிலயே பிறந்தது. அதுவும் ஒரு துறை பொறுப்பேத்துக்கிட்டு செய்யற வேலை. 1985 மீன்வளச் சட்டம்னு ஒண்ணு நாட்டுல இருக்கு. மீன் விடணும்னு ஆசை இருந்தா முதல்ல போய் நிக்க வேண்டிய இடம் அந்த அலுவலகம். நாம என்ன பண்றோம்? குஞ்சு விக்கிறவர் நம்பரைத் தேடிக்கிட்டு இருக்கோம். அந்தக் குட்டை நம்ம கோயில் சொத்தும் இல்ல. நாளைக்கு கேள்வி வந்தா கோயில் பேர்தான் பேப்பர்ல வரும்.

இன்னொண்ணு, இது பெரியவங்களுக்கு. சனி பரிகாரம், பிறந்தநாள், நேர்த்திக்கடன்னு சந்தையில கெலி வாங்கி ஆத்துல விடறவங்க நம்மளிலயே இருக்கீங்க. சந்தையில கிடைக்கிற கெலியில பெரும்பாலும் பண்ணையில வளர்ந்த ஆப்பிரிக்கா கெலி. அதை ஆத்துல விட்டா நம்ம ஊர்க் கெலிக்குப் போட்டி. ஒரு உயிரைக் காப்பாத்தறதா நினைச்சு நூறு உயிருக்கு எமனை அனுப்பறோம். அதுல எங்கே இருந்து புண்ணியம் வரும்? சிங்கப்பூர்ல விசாக தினம் வந்தா பூங்கா வாரியமும் தண்ணீர் வாரியமும் ஆள் போட்டு, "உயிர்களை நீர்நிலையில விடாதீங்க"ன்னு நேர்லயே சொல்றாங்க. அங்க பக்தி குறைஞ்சா போச்சு? பரிகாரம் செய்யணும்னா அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுங்க. தாயார் வேண்டாம்னா சொல்லப் போறா?

நாம மச்சாவதாரத்தைக் கும்பிடறவங்க. மீனாட்சின்னு அம்மனுக்கே மீனைச் சொல்லிப் பேர் வச்சவங்க. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுக் குழந்தைகளைப் பழக்கறவங்க. அதே கையால, இங்க காலங்காலமா இருக்கிற மீனைத் தின்னு தீர்க்கிற ஒண்ணைக் கொண்டுவந்து விட்டு, அதைத் தூண்டில்ல மாட்டி வாய் கிழிய இழுத்து, அந்தக் காசில கலசம் வைக்கணுமா? அந்தக் கும்பாபிஷேகத்துக்கு நாம என்ன முகத்தோட நிப்போம்?

சும்மா குறை மட்டும் சொல்லிட்டுப் போகல. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில மூணு விஷயம் கேக்கப் போறேன்.

ஒண்ணு, குட்டையிலயோ ஆத்துலயோ கோயில் பேர்ல எந்த மீனும் விடறதில்லன்னு தீர்மானம் போடணும்.

ரெண்டு, நிதிக்கு உணவுச் சந்தை நடத்தலாம். நம்ம அம்மாமார் கைப்பக்குவத்துக்கு இந்த வட்டாரத்தில கூட்டம் வராதா என்ன? இளைஞர் பிரிவு அதை எடுத்து நடத்தட்டும். நான் அடுப்படியில நிக்கிறேன்.

மூணு, பரிகார மீன் விடக்கூடாதுன்னு கோயில் வாசல்ல ஒரு பலகை வைக்கணும். குருக்கள் ஐயா வாயால ஒரு வெள்ளிக்கிழமை சொன்னா இன்னும் நல்லது. நான் எழுதினா பத்து பேர் கேப்பாங்க, அவர் சொன்னா ஊரே கேக்கும்.

கூட்டத்துக்கு உறுப்பினர்கள் தவறாம வாங்க. வர முடியாதவங்க உங்க கருத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்க. கோபுரத்துக்குப் பணம் இந்த வருஷம் சேரலன்னா அடுத்த வருஷம் சேரும். குட்டையிலிருந்து புயுவும் செப்பாட்டும் போயிட்டா, எத்தனை ரிங்கிட் கொடுத்தாலும் திரும்பி வராது.

சர்வம் சக்தி மயம். தெரிஞ்சவங்களுக்குப் பகிருங்க, முக்கியமா தூண்டில் பிடிக்கிற நம்ம தம்பிமாருக்கு.