பகலில் உறங்குபவர்களுக்கு எந்த விதி?

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துப் பேரிகைக்குத் திரும்பும் தொழிலாளி கண்ணயர்வது காலை 8 மணிக்கு மேல். கோயில் விழா நாளென்றால், மின்கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி முழங்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாள்தான். எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் மாலூர் போனாலும் இதே சட்டம்.

இரவுப் புகாருக்கு ஒலியளக்கும் மீட்டர் வேண்டாம். 10 மணிக்கு மேல் அனுமதியின்றிப் பாட்டு ஒலித்தாலே விதிமீறல். பகலில்தான் சிக்கல். குடியிருப்புக்கு 55 டெசிபல், தொழிற்பகுதிக்கு 75 என்கிறது விதி. பட்டறையும் வாடகை வீடும் ஒரே சுவரைப் பகிரும் தெரு இதில் எந்தக் கணக்கு? அதை வகைப்படுத்த வேண்டியது மாநில அரசு. ஒலி இந்த வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் புகார் தரலாமாம். டெசிபல் மீட்டருக்கு வாடகை வீட்டுக்காரர் எங்கே போவார்?

ஷிப்ட் தொழிலாளர் மிகுந்த தெருக்களைக் குடியிருப்பாக அறிவித்து, ஒலிபெருக்கி அனுமதிக் கடிதத்திலேயே டெசிபல் வரம்பைக் குறிப்பிடுவது அரசுக்குப் பெரிய வேலையல்ல.