கொசுவுக்கும் கொசுவுக்கும் உள்ள தூரம்

சிம்பாங் பூலாய், கோப்பேங் பக்கத்துப் பழைய தோட்டக் கதைகளில் ஓடையோரம் எண்ணெய் அடிக்கிற ஆள் ஒருவர் வருவார். அவர் வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கரையோரச் சதுப்பில் காட்டை வெட்டி, வடிகால் தோண்டி மலேரியாவை அடக்கினார். மலையடித் தோட்டங்களில் காட்டை வெட்டியபோதோ காய்ச்சல் கூடியது. காரணம், கொசு வேறு. கரையோர அனோபிலிஸ் அம்புரோசஸுக்கு நிழலில் தேங்கிய நீர் வேண்டும். மலையோர மேக்குலேட்டஸுக்கு வெயில் படும் தெளிந்த ஊற்றுநீர் வேண்டும். ஓடைக்கு வெயிலைக் காட்டியவர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கணக்கு புரியும்வரை உயிரைக் கொடுத்தவர்கள் லயத்தில் இருந்த நம் ஆட்கள். நிலத்தடிக் குழாயும் எண்ணெயும் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த மேக்குலேட்டஸும் ஒரே இனம் இல்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே தெரிந்தவை பல இனங்கள் என்று பின்னாளில் குரோமோசோம்களைப் பார்த்துத்தான் பிரித்தார்கள்.

இன்று கொசுவின் மரபணுத் தொகுதியையே படிக்கிறார்கள். 2002இல் ஆப்பிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியே வெளியானது. சுமார் 28 கோடி எழுத்துகள். டிங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்டி 2007இல் வந்தது. அதில் சுமார் 130 கோடி! மரபணுக்களின் எண்ணிக்கையோ இரண்டிலும் 13,000, 15,000 என்ற அளவுதான். மிச்சம் என்ன? பெரும்பகுதி, இடம்விட்டு இடம் தாவித் தன்னையே படியெடுத்துக்கொள்ளும் துண்டுகள். ஒரே கல்யாணப் பத்திரிகையை ஆயிரம் பிரதி எடுத்து அலமாரியில் திணித்த வீடு மாதிரி. டைனோசர் காலத்திலேயே பிரிந்துபோன குடும்பங்கள் இவை.

அளவு இப்படி என்றால், ஓர் எழுத்து மாறினாலும் சங்கதிதான். ஏடிஸின் நரம்பு மரபணு ஒன்றில் ஒரே எழுத்து மாறினால் புகை மருந்து சரியாக வேலை செய்யாது. அந்த மாற்றம் மலேசியக் கொசுக்களிலும் உண்டு. தாமானில் புகை அடித்துவிட்டார்கள் என்று பூந்தொட்டித் தட்டை மறந்துவிடாதீர்கள்.

மலேரியா? 2018இல் உள்நாட்டில் பரவும் மனித மலேரியா இல்லை என்ற நிலையை நாடு எட்டியது. குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா மட்டும் தொடர்கிறது. அதைச் சுமப்பது காட்டுக்குள் வாழும் வேறோர் அனோபிலிஸ் கூட்டம். கேமரன் மலைச் சாலையோரக் காட்டுக்குள் போய் வந்தபின் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.