மணல்பைக்குள் இருப்பது வெறும் மணலா?

துறைசார் சொல்வழக்குகள் குறித்த வாசிப்பினிடையே, அண்மையில் பெஞ்ச்ரெஸ்ட் எனப்படும் துப்பாக்கிச் சுடும் விளையாட்டின் சொற்களைத் தொகுக்க நேர்ந்தது. நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்லன், மொழியியல் மாணவன். ஆயினும் அவ்விளையாட்டினர் வழங்கும் 'ஹெவி சாண்ட்' என்னும் சொல் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. அதுபற்றிய என் கருத்தை நண்பர்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் அமைப்புகளாகத் திரண்ட விளையாட்டு இது. சுடுபவர் மேசையின் முன் அமர்கிறார். ரைஃபிளின் முன்பகுதி, தாங்கியொன்றின் மேலுள்ள மணல்பையில் படிகிறது. அடிக்கட்டை, முயற்காது போன்ற இரு மேடுகளையுடைய பின்பையில் படிகிறது. ஒரே இலக்கில் சுட்ட ஐந்து குண்டுகளின் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்துள்ளன என்பதே முதன்மையான அளவுகோல். கையின் நடுக்கத்தை இயன்றவரை விலக்கிவிட்ட பின்னர் எஞ்சுபவை கருவி, காற்று, மணல் ஆகியனவே. ஆகவே பைக்குள் எதை நிரப்புவது என்பது அவர்களுக்குச் சிறிய வினாவன்று.

அரிசியும் மக்காச்சோளத் தக்கைத் துகளும் மலிவானவை. ஆனால் ஈரத்தை உறிஞ்சும், பூச்சியையும் எலியையும் அழைக்கும். பிளாஸ்டிக் குருணை சுமப்பதற்கு எளிது, எடை போதாது. ஈயக்குண்டு கனமானது, ஆனால் உருண்டையாதலால் ஒன்றன்மேல் ஒன்று உருளும், அதன் தூளோ நஞ்சு. எனவே பலரும் மணலுக்கே திரும்புகின்றனர். காய்ந்த குவார்ட்ஸ் மணல் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ நிறுக்கும். சிர்க்கான் மணல் ஏறத்தாழ 2.8 கிலோ. மூன்று லிட்டர் கொள்ளும் பை முன்னதால் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், பின்னதால் எட்டுக் கிலோவுக்கு மேலாகவும் இருக்கும். ரைஃபிள் பின்னுதைக்கும்போது கனத்த பை இடம்பெயராது. வார்ப்படச் சாலைகளுக்கும் பீங்கான் தொழிலுக்கும் உரிய சிர்க்கான் மணல் சுடுதளத்தை அடைந்த காரணம் இதுவே. அங்கே அதன் பெயர் ஹெவி சாண்ட்.

எடை ஒன்றே உறுதியைத் தருவதில்லை என்பது என் முதல் கருத்து. இறுக அடைந்த மணலின் வடிவத்தை மாற்ற வேண்டுமாயின் அதன் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விரிவடைந்தாக வேண்டும் என்பதை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கினார். விரிவதற்கு இடமில்லாத பையில் மணல் கல்லைப்போல் நிற்கும். ஆக, பையின் உறுதி மணிகளின் வடிவத்தையும் நிரப்பும் இறுக்கத்தையும் சார்ந்தது. கழுவி, நன்கு உலர்த்தி, சல்லடையில் சலித்த சாதாரண மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, பையின் அடியையும் அகலமாக்கினால் பெரும்பாலோர்க்கு அதுவே போதும். உலர்ந்த மணலைச் சலிக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. திறந்த வெளியில் முகமூடியணிந்து சலிப்பதே முறை. உயர்நிலைப் போட்டியில் பை நகர்வதால் உண்மையிலேயே இடர்ப்படுவோர் கனத்த மணலை நாடட்டும். மற்றவர்க்கு அது தேவையில்லை.

இரண்டாவது கருத்து சொல்லைப் பற்றியது. 'ஹெவி சாண்ட்' என்பது பொருளின் ஒரு பண்பை மட்டும் கூறி, அது பிறந்த இடத்தை மறைக்கிறது. உலகச் சந்தைக்கு வரும் சிர்க்கானில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எடுக்கப்படுவது. ஆயினும் அதே கனிமக் கூட்டம் நம் மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் அருகே சவறையிலும் அலைகளால் ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறது: இல்மனைட், ரூட்டைல், கார்னெட், சிர்க்கான், மோனசைட். 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், இங்கிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். கயிற்றை வாங்கியவர்கள் அதன்பின் மணலைத் தேடிக் கடற்கரைக்கே வந்தனர். மோனசைட்டிலுள்ள தோரியம் அன்று வாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது.

குமரிக் கரையில் வளர்ந்த எனக்கு அம்மணலின் பெயர் கருமணல். அச்சொல்லில் எடையில்லை, நிறமும் இடமும் உண்டு. உச்சி வெயிலில் அதன்மேல் ஓடிய கால்களின் சூடும் உண்டு. கருமணல் என்று கேட்டவுடன் எங்கள் பக்கத்தார்க்குக் கடலரிப்பும் கதிரியக்கம் பற்றிய அச்சமும் மீனவர் போராட்டங்களும் நினைவுக்கு வரும். 2013இல் தமிழ்நாடு அரசு தனியார் தாதுமணல் அள்ளுவதைத் தடைசெய்ததும் நினைவுக்கு வரும். 'ஹெவி சாண்ட்' என்று கேட்பவர்க்கு இவற்றுள் ஒன்றும் தோன்றாது. வணிகச் சொற்கள் பலவும் இவ்வாறே இயங்குகின்றன: பயனைச் சொல்லும், பிறப்பிடத்தை விழுங்கும்.

உலகிலுள்ள மணல்பைகள் அனைத்தும் சேர்ந்தாலும் கனிமச் சந்தையில் ஒரு துளிதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். சுடுவோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. எள்ளளவு பிழையையும் பொறுக்காமல் காற்றையும் வெடிமருந்தையும் அளந்து பார்ப்பவர்கள் அவர்கள். தம் பைக்குள் இருப்பது எந்தக் கரையின் மணல், அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று விற்பவரிடம் ஒருமுறை வினவுவது அந்தத் துல்லியத்திற்கு முரணாகாது. விடை கிடைக்காவிட்டால், சாதாரண மணலே இருக்கிறது.

சொற்களை ஆராயும் நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கலைச்சொல் ஆக்கும்போது ஹெவி சாண்டைக் 'கனமணல்' என்று அப்படியே பெயர்த்துவிடாமல், கரையோர மக்கள் முன்பே வைத்திருக்கும் பெயரை முதலில் கேட்போம். மாற்றுக் கருத்துடையோர் எழுதுக; கற்றுக்கொள்ள அணியமாக உள்ளேன்.