நட்சத்திரம் போட்டால் சேவ் ஆகிவிடுமா?

பிரவுசரில் நட்சத்திரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு "சேவ் பண்ணிட்டேன் மச்சி" என்கிறார்களே, எதை சேவ் பண்ணினார்கள்? முகவரியை. அவ்வளவுதான்! பக்கம் இன்னும் யாரோ ஒருவருடைய சர்வரில்தான் இருக்கிறது. காமர்ஸ் மக்களுக்குப் புரியும்படி சொன்னால், புத்தகத்தில் என்ட்ரி இருக்கிறது, வவுச்சர் இல்லை. எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

தப்பு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. நெட்ஸ்கேப்காரர்கள் 'புக்மார்க்' என்றார்கள், மைக்ரோசாப்ட் 'ஃபேவரிட்ஸ்' என்றது. புத்தகம் கையில் இருந்தால்தானே நடுவில் வைத்த சீட்டுக்கு மதிப்பு? இங்கே சீட்டு நம்மிடம், புத்தகம் ஊரான் வீட்டில்.

ஊரான் எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். 1999-ல் ஜியோசிட்டிஸை வாங்கிய யாஹூ, 2009 அக்டோபர் 26 அன்று ஜப்பான் நீங்கலாக அதை இழுத்து மூடியது. ஜனங்கள் கைப்படச் செய்த லட்சக்கணக்கான பக்கங்கள் போயின. அதில் இன்றைக்கும் பார்க்கக் கிடைப்பவை, யாராவது மெனக்கெட்டு டவுன்லோட் செய்து வைத்தவை மட்டுமே. நட்சத்திரம் ஒன்றையும் காப்பாற்றவில்லை. 2013-ல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டதாக பியூ ஆய்வு மையம் 2024-ல் சொன்னது. 'பிறகு படிக்கலாம்' என்று எல்லோரும் கட்டுரைகளைக் குவித்து வைத்த பாக்கெட் சேவையே 2025 ஜூலை 8-ல் மூடப்பட்டது!

"இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கே?" என்பார்கள். நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் லாகின் செய்து பார்க்கும் பக்கம் அங்கே வராது. 2024 அக்டோபரில் சைபர் தாக்குதல் நடந்து அதுவே சில நாட்கள் படுத்துவிட்டது. செமஸ்டருக்கு முந்தின வாரம் அப்படி ஆனால்?

கண்ட்ரோல் + எஸ் அழுத்த இரண்டு நொடி. முழுப் பக்கமாக சேவ் செய்தால் ஒரு எச்டிஎம்எல் ஃபைலும், படங்களோடு ஒரு ஃபோல்டரும் வரும். அந்த ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து டெலீட் செய்துவிட்டு, படம் வரவில்லை என்று புலம்பும் புத்திசாலிகளும் உண்டு :-) அந்தத் தொல்லை வேண்டாமென்றால் குரோமில் 'சிங்கிள் ஃபைல்' என்று தேர்ந்தெடுக்கலாம், அல்லது பிரிண்டுக்குப் போய் பிடிஎஃப் ஆக்கலாம். வீடியோ இதில் வராது. சர்க்குலர், சிலபஸ், பழைய கேள்வித்தாளுக்கு இது தாராளம்.

டவுன்லோட் செய்கிறவர்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். 'டாக்குமெண்ட் (7)' என்ற பெயரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடப்பது காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸா, ஹால் டிக்கெட்டா? திறந்து பார்க்காமல் யாருக்குத் தெரியும்? சேவ் செய்யும்போதே பெயரையும் தேதியையும் அடித்துவிட்டால் என்னவாம்!