இரவல் ஏக்கம்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் திருமணத்திற்கு முன்பு எடுக்கப்படும் 'அவுட்டோர் ஷூட்' இன்று ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. இதைக் கேலி செய்வது எளிது. இலக்கியம் படித்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். ஆனால், இருவர் தம் வாழ்வின் தொடக்கத்தை ஓர் இசையின் மனநிலைக்குள் வைத்துப் பார்க்க விரும்புவது தமிழுக்குப் புதிதன்று. கருப்பொருள்களை அடுக்கும் தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறார். காதலர், அவர்கள் நிற்கும் நிலம், பொழுது, அந்நிலத்தின் இசை ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இயலாது என்பதே திணைக் கோட்பாட்டின் சாரம். நம் ஊர்ப் புகைப்படக் கலைஞர்கள் தம்மை அறியாமலேயே அந்தக் கோட்பாட்டின் வாசல்வரை வந்துவிடுகிறார்கள். உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறார்கள் என்பதே நம் குறை.

ஏக்கச் சாயல் கொண்ட ஆல்பம் வேண்டும் என்றால் உடனே நினைவுக்கு வருபவை இளையராஜாவின் எண்பதுகளின் மெட்டுகளும், 2018இல் வெளிவந்த '96' படத்திற்குக் கோவிந்த் வசந்தா அமைத்த இசையும்தான். பழைய டேப் ரெக்கார்டர், கேசட்டுகள், ஒரு ஸ்கூட்டர் ஆகியவை வாடகைக்கு வருகின்றன. மலைப்பனிக்காக ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பயணம் போகிறார்கள். பெரியவர்கள் நிச்சயித்துச் சில வாரங்களே ஆன இருவர், நெடுங்காலம் பிரிந்திருந்து சந்தித்தவர்களைப் போல ஒருவரை ஒருவர் பார்த்து நிற்கிறார்கள். '96' கைகூடாத காதலின் கதை. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யோ (1982) ஒருவரை ஒருவர் இழப்பதில் முடிகிறது. பிரிவுக்கென்று பிறந்த இசையைக் கூடலின் வாசலில் ஒலிக்க விடுகிறோம் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. திணைமயக்கம் இலக்கணம் அனுமதித்த ஒன்றுதான். பிரிவின் நிழல் படியாத காதல் பாட்டு தமிழில் அரிது. இங்கே நேர்வது மயக்கம்கூட அன்று. நிலமே காணாமல் போகிறது. பாலு மகேந்திராவிடமிருந்து நாம் கற்றிருக்க வேண்டியது ஊட்டிப் பனியை அன்று. கிடைக்கும் இயற்கை ஒளியை நம்பிப் படம்பிடிக்கும் துணிவையே கற்றிருக்க வேண்டும். 'மூன்றாம் பிறை'யின் ஒளிப்பதிவுக்காக அவர் தேசிய விருது பெற்றார். அந்தத் துணிவுக்கு ஊட்டி தேவையில்லை, வேப்பூர்ச் சாலையின் ஒரு மாலைப்பொழுது போதும்.

நம் நிலம் எது? பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் காடு. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகள். ரயில் இல்லாத பெரம்பலூர்க்காரர்கள் ரயிலேறப் போகும் அரியலூர் நிலையம். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம். சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிர்களின் படிவங்களைச் சுமந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததைச் சொல்லும் மண். பழமையின் ஏக்கத்தை இந்நிலத்திற்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சிமெண்ட் ஆலைப் பகுதிகளின் சாலையோரப் புழுதி மாலை வெயிலில் பொன்னாகத் தெரியும். அதே புழுதியைத்தான் அங்கே வாழ்வோர் சுவாசிக்கிறார்கள். நீர் தேங்கிய பழைய சுரங்கக் குழிகள் அழகாகத் தோன்றினாலும் அவற்றின் விளிம்பு உயிருக்கு ஆபத்தானது. 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற காரைவெட்டிக்குப் போகிறவர்கள் ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். குளிர்காலத்தில் அங்கே வரும் வரித்தலை வாத்துகளுக்கு நம் மெட்டுகள் தேவையில்லை.

பாடலைத் தேர்வதிலும் இதே நேர்மை வேண்டும். மணமகளின் தாயார் சமையலறையில் முணுமுணுத்த பாட்டு எது? மணமகன் கல்லூரிப் பேருந்தில் நாள்தோறும் கேட்ட பாட்டு எது? அவற்றை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லட்டும். அதுவே அவர்களுக்கிடையிலான முதல் உண்மையான உரையாடலாக அமையக்கூடும். பின்னர் கேமராவை மூடிவைத்துவிட்டு அந்தப் பாட்டை முழுமையாக ஒருமுறை கேட்கட்டும். பாட்டு முடிந்த பிறகு வரும் மௌனத்தில் எடுக்கப்படும் படத்திற்கு 'சோகமாகப் பாருங்கள்' என்ற கட்டளை தேவைப்படாது. கட்டளைக்கேற்பத் தலை சாய்த்துச் சாய்த்துக் களைத்துப்போகும் பெண்ணுக்கும் அது விடுதலை.

இவ்வளவு கவலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைப்போர் இவ்விரு மாவட்டங்களிலும் ஏராளம். விடுப்பில் வந்து, மணம் முடித்து, சில வாரங்களில் திரும்பிப் போகும் கணவர்களை நாம் அறிவோம். நடித்துக் காட்டிய பிரிவு அவர்களுக்கு உண்மையாகவே வந்து சேர்கிறது. அப்போது தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில் கைப்பேசித் திரையில் அவன் திறந்து பார்ப்பதும், இங்கே அவள் திறந்து பார்ப்பதும் இந்தப் படங்களைத்தான். அதில் தெரிவது யாரோ ஒருவரின் மலையும் யாரோ ஒருவரின் கேசட்டுமாக இருந்தால் அது அவர்களுக்கு எந்த ஊரை நினைவூட்டும்? தம் பருத்திக் காட்டின் ஓரம், தம் வீட்டுப் பாட்டு ஓய்ந்த ஒரு மாலையில் நின்ற இருவராக அவர்கள் தம்மைக் காண வேண்டும். பிரிந்திருக்கும் நாட்களில் துணைக்கு வரக்கூடியது அத்தகைய படமே.