ஏசியை நாமே மாட்டினா காசு மிச்சமா? கணக்கு போட்டுட்டு ஸ்பேனரை எடுங்க



மார்ச் மாசம் பொறந்தாலே சம்பளக்காரங்க வீட்டுல ஒரே பேச்சுதான்: "இந்த வருஷமாவது ஏசி வாங்கலாமா?" இப்போ அதோட இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கு. "வெளிநாட்டுல அவங்க அவங்களே ஸ்ப்ளிட் ஏசி மாட்டிக்கிற மாதிரி வீடியோ வருதே, நாம மட்டும் ஏன் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கணும்?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஏசியோட கேஸ் லைன்ல நீங்க கை வைக்காதீங்க. அதைத் தவிர, கூட இருக்கிற முக்கால்வாசி வேலையை நீங்களே செய்யுங்க. இந்த ரெண்டு வரியைக் கத்துக்க எனக்கு 2,620 ரூபாய் நஷ்டம் ஆச்சு. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்னுதான் இந்தப் பதிவு.

அமெரிக்காவுல அது சரியான கணக்கு

என் பெரியப்பா பையன் டெக்சாஸ்ல இருக்கான். போன வருஷம் கார் ஷெட்டை ஆபீஸ் ரூமா மாத்தினப்போ ஒரு ஸ்ப்ளிட் ஏசியைத் தானே மாட்டிட்டு வீடியோ கால்ல காட்டினான். "பாத்தியாடா, ஏசி மெக்கானிக் ஒருத்தரைக் கூடக் கூப்பிடல!"

அவன் கணக்கு இது. ஆள் வெச்சு மாட்ட, ஏசி விலையோட சேர்த்து அவனுக்கு வந்த கொட்டேஷன் 5,800 டாலர். நாமே மாட்டிக்கிற கிட் 2,300 டாலர். கரன்ட் லைன் இழுக்க எலக்ட்ரீஷியனுக்கு 700. மொத்தம் 3,000. மிச்சம் 2,800 டாலர், அதாவது நம்ம காசுல ரெண்டு லட்சத்துக்கு மேல. ரெண்டு சனிக்கிழமை வேலைக்கு ரெண்டு லட்சம் மிச்சம்னா நானும் ஸ்பேனர் எடுப்பேன்.

ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. அங்க ஏசி கேஸைக் கையாளணும்னா ஈபிஏ 608-ங்கிற சான்றிதழ் வேணும். மிஸ்டர்கூல் மாதிரி கம்பெனிகள் விக்கிற டிஐஒய் கிட்ல அந்தச் சிக்கலே வராது. காப்பர் பைப்புக்குள்ள கேஸை முன்னாடியே நிரப்பி, ரெண்டு முனையையும் சீல் பண்ணிக் கொடுக்கறாங்க. நட்டை முறுக்கும்போதுதான் சீல் திறக்கும். காத்து உள்ளே போக வழியில்ல, வேக்கம் பம்ப்பும் தேவையில்ல. அதாவது அவன் மாட்டினது, நாமே மாட்டறதுக்குன்னே தயாரிச்ச ஏசி.

ரெண்டாவது, அவனே கரன்ட் வேலையைத் தொடல. அதுக்கு ஆள் வெச்சுத்தான் செஞ்சான். வீடியோல இந்த 700 டாலர் கண்ணுல படாது.

நம்ம ஊர் கணக்கு வேற

இப்போ சென்னைக்கு வருவோம். நம்ம கடையில வாங்குற சாதாரண ஸ்ப்ளிட் ஏசில கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ள மட்டும்தான் இருக்கும். பைப் காலி. பைப் முனையை விரிச்சு நட்டு போட்டு இறுக்கி, உள்ளே இருக்கிற காத்தையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வெச்சு இழுத்து, அதுக்கப்புறம்தான் வால்வைத் திறக்கணும்.

இதை நீங்களே செய்ய என்னென்ன வேணும்? வேக்கம் பம்ப், பிரஷர் கேஜ், பைப் விரிக்கிற டூல், சுவர்ல ஓட்டை போட டிரில் வாடகை. நான் விசாரிச்சப்போ எவ்வளவு சிக்கனமா பார்த்தாலும் 9,000 ரூபாய்க்குக் கீழ வரல. கம்பெனி டெக்னீஷியன் எனக்குச் சொன்ன இன்ஸ்டாலேஷன் கூலி ஜிஎஸ்டியோட 1,770 ரூபாய்.

1,770 ரூபாயை மிச்சம் பிடிக்க 9,000 ரூபாய்க்கு டூல் வாங்குறது சேமிப்பு கிடையாது, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு தப்பில்ல. ஆனா பட்ஜெட்ல அதைச் சேமிப்புன்னு எழுதாதீங்க.

நாமே ஒரு வேலையைச் செய்யலாமாங்கிறதை அந்த ஊர்ல கூலி என்ன, தப்பானா என்ன செலவுங்கிற ரெண்டும்தான் முடிவு பண்ணுது. அங்க கூலி அதிகம், கிட் பாதுகாப்பானது. இங்க கூலி கம்மி, தப்போட விலை அதிகம்.

நான் பண்ணின தப்பு

சரி, நானே மாட்டல. ஆனா அதுக்கு ஒண்ணு விட்ட தம்பி மாதிரி ஒரு காரியம் பண்ணினேன்.

வேளச்சேரில வாடகை வீடு. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினேன். கம்பெனி எஸ்டிமேட் இப்படி: கூலி 1,770, அவுட்டோர் ஸ்டாண்ட் 900, பெட்டியோட வந்த 3 மீட்டர் பைப் பத்தாததால கூடுதல் 2 மீட்டருக்கு 1,700. மொத்தம் 4,370. பக்கத்துத் தெருவுல தெரிஞ்ச ஒருத்தர் எல்லாம் சேர்த்து 2,800-க்கு முடிச்சுத் தர்றேன்னார். 1,570 ரூபாய் மிச்சம். மனசுக்குள்ள என்னையே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

அவர் வேக்கம் பம்ப் எடுத்துட்டு வரல. வால்வை லேசா திறந்து, உள்ளே இருந்த கேஸை வெச்சே பைப்புல இருந்த காத்தை 'புஸ்'ஸுன்னு வெளியே தள்ளினார். "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றோம்"னார். ரூம் ஜில்லுன்னு ஆச்சு. நானும் ஜிபே பண்ணிட்டேன்.

அஞ்சாவது வாரம் கூலிங் குறைஞ்சுது. அவுட்டோர் நட்டு கிட்ட கேஸ் கசிவு. கம்பெனிக்குப் போன் பண்ணினா, "அங்கீகாரம் பெற்ற ஆள் மாட்டல, அதனால இது வாரன்டில வராது"ன்னுட்டாங்க. வாரன்டி கார்டுல அது எழுதியே இருந்துச்சு. படிக்காதது நான்தான். விசிட் சார்ஜ் 590, பைப் முனை வெட்டிப் புதுசா விரிச்சு நட்டு மாத்த 600, கேஸ் ஃபில்லிங் 3,000. மொத்தம் 4,190. மிச்சம் பிடிச்ச 1,570-ஐக் கழிச்சா நிகர நஷ்டம் 2,620.

இதுல கரன்ட் பில் சேரவே இல்ல. கேஸ் குறைஞ்ச ஏசி செட் பண்ணின குளிரை எட்ட முடியாம நிக்காம ஓடும். தமிழ்நாட்டுல ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல. 600 தாண்டினா 9-க்கு மேல. 500-க்குள்ள இருக்கிறவங்களுக்குக் கிடைக்கிற சலுகையும் அதோட போயிடும். ஒரு லூஸ் நட்டு உங்களை அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ளிடும்.

"கூலிங் வருதே, அப்புறம் என்ன?"

வேக்கம் போடாம விட்டா முதல் நாள் எதுவும் தெரியாது. அதுதான் ஆபத்து. உள்ளே தங்கின ஈரம் கம்ப்ரசர் ஆயிலோட சேர்ந்து அமிலமாகி, மெதுவா கம்ப்ரசரை அரிக்கும். "10 வருஷ கம்ப்ரசர் வாரன்டி"ன்னு பெட்டியில பெருசா போட்டிருப்பாங்க. பெரும்பாலும் அது கம்ப்ரசருக்கு மட்டும்தான். கேஸ், கூலி எல்லாம் உங்க பாக்கெட்டுல இருந்து.

இன்னொண்ணு, இப்போ வர்ற பெரும்பாலான ஏசிகள்ல இருக்கிறது ஆர்-32 கேஸ். லேசா தீப்பிடிக்கக் கூடிய வகை. சரியா மாட்டினா பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அதை ரூமுக்குள்ளயும் பால்கனியிலயும் திறந்து விட்டு விளையாடக் கூடாது. வீடு மாறும்போது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள்ள இழுத்துப் பூட்டுறதும் இதே மாதிரிதான். அப்போ காத்து உள்ளே போய்க் கம்ப்ரசர் வெடிச்ச விபத்துகள் நடந்திருக்கு. மூணாவது மாடி சன்ஷேட்ல ஏறி நின்னு கனமான அவுட்டோர் யூனிட்டைப் பிடிக்கிற வேலையும் நம்ம வேலை இல்ல. எந்தக் கூப்பன் கோடும் அந்த ரிஸ்குக்கு ஈடாகாது.

அப்போ நாம செய்ய வேண்டியது எது?

நிறைய இருக்கு. உண்மையான காசு இங்கதான் மிச்சமாகுது.

1. இடத்தை நீங்க முடிவு பண்ணுங்க. இண்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவுல பைப் போற பாதையை டேப் வெச்சு அளங்க. பெட்டியோட வர்ற பைப்புக்குள்ள முடிஞ்சா கூடுதல் பைப் காசு மொத்தமா மிச்சம். எனக்கு அது 1,700 ரூபாய், கிட்டத்தட்ட கூலிக்குச் சமம். தண்ணி வெளியே போற பைப் சரிவா இறங்கணும்ங்கிறதையும் அப்பவே பாருங்க.

2. ஹவுஸ் ஓனர் கிட்ட சுவர்ல ஓட்டை போட வாட்ஸ்அப்ல எழுத்தா அனுமதி வாங்குங்க. வாயால சொன்ன "போட்டுக்கோப்பா", காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கழிவா மாறும். சப் மீட்டர்ல யூனிட்டுக்கு எவ்வளவுன்னும் அதே மெசேஜ்ல கேட்டுடுங்க.

3. ஏசி வர்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன், எர்த், எம்சிபி மூணையும் செக் பண்ணச் சொல்லுங்க. பழைய வீட்டுல ஏசியும் கீசரும் ஒரே ஒயர்ல ஓடினா, எரியப் போறது ஏசி மட்டும் இல்ல.

4. புக்கிங் பண்ணும்போதே "வேக்கம் பம்ப் கொண்டு வருவாங்களா?"ன்னு கேளுங்க. கம்பெனி ஆள்னாலும் கேளுங்க. சீசன்ல அவங்களுக்கு ஒரு நாளைக்கு ஏகப்பட்ட வீடு. வேலைக்கு இவ்வளவுன்னு கணக்கு வெச்சுச் சம்பளம் வாங்குறவங்க அவசரப்படத்தான் செய்வாங்க. அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. தண்ணி கொடுங்க, பக்கத்துல நில்லுங்க, பம்ப் ஓடுறதைக் கண்ணால பாருங்க. ஒரு கால் மணி நேரமாவது ஓடணும்.

5. முடிஞ்சதும் சோப்பு நுரையை எல்லா நட்டுலயும் தடவச் சொல்லுங்க. குமிழி வந்தா கசிவு. இதுக்கு ஆகுற செலவு ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட். நான் இதை அன்னிக்கே செஞ்சிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

6. கடைசியா ஓடிபி. வேலையை முடிச்சதா கணக்கு காட்ட உங்க போனுக்கு வர்ற ஓடிபி அவங்களுக்கு வேணும். இதெல்லாம் முடிஞ்சு, பில் கையில வந்த பிறகு கொடுங்க. அந்த நாலு நம்பர்தான் உங்க கிட்ட இருக்கிற ஒரே பிடி.

போன டிசம்பர்ல வீடு மாறினப்போ இந்த லிஸ்டைக் கையில வெச்சுக்கிட்டுதான் ஏசியைக் கழட்டி மாட்டினேன். 3,200 ரூபாய் ஆச்சு. கொடுக்கும்போது வலிக்கல. ஏசி இப்பவும் நல்லா ஓடுது.

அடிக்கடி வீடு மாறுறவங்களுக்கு

பதினோரு மாச அக்ரிமென்ட்ல இருக்கிறவங்க ஒரு கணக்கு போடுங்க. ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் ஸ்ப்ளிட் ஏசி 3,000 ரூபாய்க்குப் பக்கத்துல கேட்கும். கேஸ் லைனைத் திறந்து மூடுற ரிஸ்கும் ஒவ்வொரு தடவையும் இருக்கு. நாலு வருஷத்துல மூணு வீடு மாறினா, விலைப் பட்டியல்ல இல்லாத ஒரு 9,000 ரூபாயை ஏசி விலையோட சேர்த்துக்கங்க.

டெக்சாஸ் கிட்டோட பலம், கேஸ் லைனை நாம திறக்கவே வேண்டாம்ங்கிறது. அந்தக் குணம் இருக்கிற ஏசி நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்கு. பேரு விண்டோ ஏசி. ஒரே பெட்டி, ஃபேக்டரியிலயே சீல். ஜன்னல்ல ஒரு ஃபிரேம், தூக்க ரெண்டு மூணு ஆள், சரியான பிளக் பாயின்ட், அவ்வளவுதான். சத்தம் கொஞ்சம் அதிகம், கரன்ட்டும் நல்ல இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட்டை விடக் கூட இழுக்கும், ஜன்னலும் ஒண்ணு போயிடும். எல்லாருக்கும் ஒத்து வராது. ஆனா "நானே மாட்டணும்"னு ஆசை இருந்து, ஓனரும் ஜன்னலைத் தொட விட்டா, ஸ்டைலா இல்லன்னு அதை ஒதுக்காதீங்க.

ஏசி வாங்கும்போது நாம 38,000 ரூபாய் பெட்டியை ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கார்டு ஆஃபர், எக்ஸ்சேஞ்ச், இஎம்ஐ எல்லாம் தோண்டுறோம். அது பல வருஷம் ஓடுமா, அஞ்சு வாரத்துல படுத்துக்குமாங்கிறதை முடிவு பண்ற ரெண்டு மணி நேர வேலையில மட்டும் போனைப் பார்த்துக்கிட்டு சோபாவுல உட்கார்ந்திருக்கோம். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தடவை எழுந்து போய் பக்கத்துல நில்லுங்க. ஸ்பேனர் அவர் கையில இருக்கட்டும், லிஸ்ட் உங்க கையில இருக்கட்டும்.

விண்டோவா ஸ்ப்ளிட்டாங்கிற முழுக் கணக்கையும் கரன்ட் பில்லோட அடுத்த வீடியோல போடறேன்.