எருக்கும் இருக்கட்டும்

'வீட்டில் எருக்கு முளைக்க' என்பது எம்மவரிடையே வழங்கும் சாபம். அது பலித்த மண் இது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களின் முற்றங்களிலும், 1995 ஒக்டோபர் இறுதியில் இராணுவ நடவடிக்கையின்போது வலிகாமம் இடம்பெயர்ந்தபின் உடுவில் வளவுகளிலும் எருக்கும் பற்றையுமே குடியிருந்தன. மீண்டுவந்தோர் எருக்கைக் கண்டதும் வெட்டியெறிந்ததில் வியப்பில்லை.

ஆயினும், குற்றம் செடியினதன்று. எருக்கு இம்மண்ணுக்குரியது. செம்மஞ்சள் நிறமும் கறுப்பு ஓரமும் கொண்ட வரியன் வண்ணத்துப்பூச்சி அதன் இலையிலேயே முட்டையிடுகின்றது. இலையை உண்ணும் புழு, எருக்கம்பாலின் நஞ்சைத் தன்னுடலில் சேர்த்துப் பறவைகளுக்கு இரையாகாது தப்புகின்றது. பூவின் தேனை நாடித் தேன்சிட்டும், மரம் துளைக்கும் கருவண்டும் வருகின்றன. கத்தரிப் பூவிலும் இக்கருவண்டு மகரந்தம் சேர்க்கின்றது. எனவே இது எமது தோட்டக்காரரின் விளைச்சலோடும் தொடர்புடைய விடயம்.

அமெரிக்காவில் சோளம், சோயா வயல்களின் களைகொல்லிகள் எருக்கினச் செடிகளை அழித்தமை, மொனாக் வண்ணத்துப்பூச்சியின் வீழ்ச்சிக்கு முக்கிய காரணமெனக் கருதப்படுகின்றது. இன்று அங்குள்ளோர் அதே செடியைத் தேடி நடுகின்றனர். இங்கோ உயிர்வேலிகள் மதில்களாகின்றன. காணிக் கரைகளுக்கும் களைகொல்லி தெளிக்கப்படுகின்றது.

அந்நிலை வருமுன் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விதை வேண்டியதில்லை. வளவின் ஒரு மூலையில் தானாக முளைத்த எருக்கை விட்டுவைத்தாலே போதும். அதன் பால் கண்ணிற்படாதவாறு சிறுவரைக் காப்பதும் அவசியம்.

பிள்ளையாருக்கு எருக்கம்பூச் சாத்தும் சைவருக்கும், நட்டதிலிருந்து பறவை உண்பதும் தர்மமே என்னும் நபிமொழியை ஏற்ற முஸ்லிம்களுக்கும் இது புதிய பாடமன்று. ஆளற்ற வீட்டின் அடையாளமாயிருந்த செடி, ஆள் வாழும் வளவிலும் நிற்கட்டும்.